இல்லத்தில் விஞ்ஞானம்: கவ்வாத்தும் கணினியும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மழை விட்டும் தூவானம் விடாத வேளையில், ஹட்டனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு தந்தையார் நம் இல்லத்திற்கு வந்தார். உரச்சாக்கின் உட்பையில் சுற்றி, அதன்மேல் ஒரு துவாயையும் போர்த்தி, கைக்குழந்தையை அணைப்பதுபோல் ஒரு பொதியை அணைத்துக்கொண்டு வந்திருந்தார். அவிழ்த்துப் பார்த்தபோது உள்ளே ஒரு மடிக்கணினி இருந்தது.

"ஐயா, இது செத்துப்போச்சா, உசுரோட இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அவருடைய மகள் பேராதனையில் இறுதியாண்டு பயிலும் மாணவி. விடுமுறைக்கு வீடு வந்தவிடத்து, இயங்குதளத்தைப் புதுப்பிக்கலாம் என்ற அறிவித்தல் திரையில் தோன்றியிருக்கிறது. அவளும் சம்மதித்துவிட்டாள். பாதி வேலையில் இடி இடித்தது, மின்சாரம் நின்றது. பழைய பெட்டரி ஐந்து நிமிடங்கூடத் தாங்கவில்லை. மின்சாரம் மீண்ட பின்னர் கணினியைத் திறந்தால், வட்டமொன்று சுழல்வதும், நீலத்திரை தோன்றுவதும், தானே அணைந்து மறுபடி சுழல்வதுமாகவே இருந்தது. நகரில் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டியபோது, "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவ்வார்த்தையைக் கேட்டதும் தந்தையார் கணினியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மகளின் ஓராண்டுக் கால ஆய்வு எழுத்து முழுவதும் அதற்குள் இருந்தது. வேறெங்கும் பிரதி இல்லை.

இத்தகைய அனுபவம் இன்று பல இல்லங்களில் நேர்கிறது. ஆதலின் இவ்வாரம் அதைப்பற்றியே நேயர்களுடன் பேசலாம் என எண்ணுகிறோம்.

இயங்குதளம் என்பது யாது? கணினியின் திரை, விசைகள், நினைவகம், வட்டு ஆகிய உறுப்புகள் அனைத்தையும் ஒழுங்காக வேலைவாங்கும் கட்டளைத் தொகுதியே அது. தோட்டத்து ஆபீசை இதற்கு உவமையாகச் சொல்லலாம். ஆபீஸ் கொழுந்து பறிப்பதில்லை. ஆயினும் எந்த மலையில் இன்று யார் வேலை செய்வது என்பதை அதுவே தீர்மானிக்கிறது. அது பூட்டிக்கிடந்தால் பெரட்டுக் களத்தில் கூடியவர் திகைத்து நிற்க வேண்டியதுதான்.

இத்தொகுதியில் காலப்போக்கில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றின் வழியே திருடர் நுழையாதிருக்க, அதை ஆக்கிய நிறுவனம் அவ்வப்போது திருத்தங்களை அனுப்புகிறது. மாதந்தோறும் வருபவை சிறு திருத்தங்கள். சில வேளைகளில் முழுத் தொகுதியையுமே மாற்றும் பெருந்திருத்தம் வருகிறது. முன்னையது களை பிடுங்குவது போன்றது. பின்னையதோ கவ்வாத்து வெட்டுவது போன்றது.

கவ்வாத்தைப்பற்றி மலையகத்தாருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை அரைகுறைக் குச்சியாக வெட்டிவிடுகிறார்கள். பார்க்கப் பரிதாபமாக இருக்கும். ஆனால் அச்செடியே சில மாதங்களில் புதுத்துளிர் விட்டு நிற்கும். எனினும் அனுபவசாலிகள் கண்ட நேரத்தில் கத்தியை வைப்பதில்லை. வேரில் மாச்சத்துச் சேமிப்புப் போதுமானதாக இருக்கிறதா என்று அயடீன் கொண்டு சோதிப்பார்கள், வரட்சியில் வெட்டமாட்டார்கள். வேரில் பலமில்லாத செடியை வெட்டினால் அது துளிர்க்காமலே பட்டுப்போகும். கணினியின் கதையும் பெரும்பாலும் இதுதான். பெருந்திருத்தத்தால் கணினி கெட்டது என்கிறோம். உண்மையில் பலமில்லாத வேளையில் வெட்டியதாற் கெட்டதே அதிகம்.

விண்டோஸ் 10 என்னும் இயங்குதளம் 2015 ஜூலை 29ஆம் திகதி வெளிவந்தது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் அதற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. இதனால் உலகெங்கும் அனேகர் 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11க்கு மாறவேண்டியதாயிற்று. அதற்கோ குறைந்தது 4 கிகாபைட் நினைவகமும், 64 கிகாபைட் சேமிப்பிடமும், டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். பட்டியலில் உள்ள புதிய செயலிகளுள் ஒன்றும் வேண்டும். இரண்டாங்கையாக வாங்கிய கணினிகள் பலவற்றில் இவை இல்லை. இல்லாத கணினியிலும் குறுக்கு வழியால் அதை ஏற்றித் தருவோர் உண்டு. அவ்வழியை நாம் சிபாரிசு செய்யமாட்டோம். அத்தகைய கணினிக்குப் பின்வரும் திருத்தங்கள் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்று நிறுவனமே கூறியிருக்கிறது.

பெருந்திருத்தத்தின்போது கணினி முடங்கினால், "நான்தான் எதையோ தவறாக அழுத்திவிட்டேன்" என்று வீட்டுப் பிள்ளைகள் கலங்குவது இயல்பு. அது தேவையற்ற கலக்கம். திருத்தம் அனுப்புவோரே தவறிய சந்தர்ப்பங்கள் உண்டு. 2018 ஒக்டோபர் 2ஆம் திகதி வெளியான விண்டோஸ் 10இன் பெருந்திருத்தம், சிலருடைய ஆவணக் கோவைகளை அடியோடு அழித்துவிட்டது. சில தினங்களுள் அதன் விநியோகத்தை நிறுத்திய நிறுவனம், குறையைக் களைந்து நவம்பர் 13ஆம் திகதியே மீண்டும் வெளியிட்டது. 2024 ஜூலை 19ஆம் திகதி நேர்ந்ததோ இன்னும் பெரிது. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம், இலங்கை நேரப்படி முற்பகல் 9.39 மணியளவில் அனுப்பிய ஒரு சிறு கோப்பினால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையுடன் முடங்கின. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகளும் வங்கிகளும் திண்டாடின. இது இயங்குதளத்தின் திருத்தமன்று. அதன் உள்ளே காவல்புரியும் மென்பொருளின் திருத்தம். ஒன்றரை மணி நேரத்துக்குள் அத்திருத்தம் மீளப்பெறப்பட்டது. ஆயினும் ஏற்கெனவே முடங்கிய கணினிகளுட் பலவற்றை ஒருவர் நேரில் சென்று, ஒவ்வொன்றாகத் திறந்து, பழுதான கோப்பை நீக்கியே மீட்கவேண்டியிருந்தது. இவ்வளவு பெரிய விபத்திலும் பெரும்பாலான கணினிகளில் வட்டிலிருந்த எழுத்துகள் அழியவில்லை என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். வாசற்கதவு திறக்காத வீட்டில் பண்டபாத்திரங்கள் களவு போய்விட்டன என்று முடிவு செய்யலாகாது.

இனி, கணினி முடங்கினால் செய்யவேண்டியவற்றை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, பொறுமை. நூற்றுக்கு இத்தனை வீதம் முடிந்தது என்று திரை காட்டும் எண் ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்கலாம். பழைய சுழல்வட்டு உள்ள கணினியில் பெருந்திருத்தம் பல மணி நேரம் பிடிப்பதும் உண்டு. கணினியின் ஓரத்தில் வட்டு வேலை செய்வதைக் காட்டும் சிறு விளக்கு இருந்தால், அது விட்டுவிட்டு மினுங்குகிறதா என்று பாருங்கள். மினுங்கினால் உள்ளே வேலை நடக்கிறது எனக் கொள்ளலாம். மின்னிணைப்பை உறுதிசெய்துவிட்டு, அடுப்பில் உலையை வைத்தவர்போல் வேறு வேலையைப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, திரையில் தோன்றும் பிழைச் சொற்களைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். நீலத்திரையாயினும், 2025இல் புதிய பதிப்புகளில் அதற்குப் பதிலாக வந்த கருந்திரையாயினும், அதில் ஒரு நிறுத்தக் குறியீடு இருக்கும். உதாரணமாக, 'இன்எக்செஸிபிள் பூட் டிவைஸ்' என்று வந்தால், தொடங்குவதற்குரிய வட்டைக் கணினியால் அணுக முடியவில்லை என்பது பொருள். நோயாளி எந்த இடத்தில் வலிக்கிறது என்று சொல்வதற்கு ஒப்பானது இது. பழுதுபார்ப்பவரிடம் போவதாயினும் இப்படம் பயன்படும்.

மூன்றாவது, பென் டிரைவ், அச்சியந்திரம், இணையத் தொங்கட்டான் முதலிய புறச்சாதனங்கள் யாவற்றையும் கழற்றிவிட்டு மீண்டும் தொடங்கிப் பார்க்கவேண்டும். அற்பமான காரியமாகத் தோன்றினும் இதனாலேயே எழுந்து நடந்த கணினிகள் உண்டு.

நான்காவது, மீட்பறைக்குள் நுழைதல். தொடர்ந்து இரண்டு முறை தொடங்க முடியாமற்போனால், விண்டோஸ் தானாகவே மீட்புத் திரையைக் காட்ட முற்படும். அதில் 'ட்ரபிள்ஷூட்' என்பதையும், அடுத்து 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்' என்பதையும் தெரிவுசெய்க. அங்குள்ள 'ஸ்டார்ட்அப் ரிப்பெயார்' என்பது தொடக்கக் கோளாறுகளைத் தானே தேடித் திருத்த முயலும். அது பலிக்காவிடின் 'அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்' என்பதற்குச் செல்க. அதில் மாதத் திருத்தத்தை நீக்குவது ஒன்று, பெருந்திருத்தத்தை நீக்குவது மற்றொன்று என இரு தெரிவுகள் உண்டு. பெருந்திருத்தத்தை ஏற்றும்போது பழைய இயங்குதளத்தை ஒரு தனிக் கோவையில் ஒதுக்கி வைப்பது விண்டோஸின் வழக்கம். பொதுவாக 10 நாள் வரை அது அங்கே இருக்கும். அதற்குள் திரும்பினால் பழைய நிலைக்கு மீளலாம். ஆதலால், கோளாறு கண்ட கணினியை அடுத்த சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூலையில் வைத்துவிடாதீர்கள்.

ஐந்தாவது, 'சேஃப் மோட்' எனப்படும் காப்பு நிலை. இதில் இன்றியமையாத உறுப்புகள் மட்டுமே இயங்கும். இந்நிலையில் கணினி ஒழுங்காகத் திறந்தால், கோளாறு பெரும்பாலும் திரையட்டை முதலியவற்றை இயக்கும் மென்பொருளிலோ, வேறொரு நிறுவனத்தின் வைரசுத் தடுப்பிலோ உள்ளது எனக் கொள்ளலாம். புதிதாக வந்ததை நீக்கிவிட்டு வழமைபோல் தொடங்கிப் பார்க்கவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில கணினிகள் திருத்தத்துக்குப்பின் 48 இலக்கங்கொண்ட ஒரு மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். பிட்லொக்கர் என்னும் பூட்டின் சாவி அது. கணினியை முதன்முதல் திறந்தபோது கொடுத்த மைக்ரோசொப்ட் கணக்கில் அது பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். கைத்தொலைபேசி மூலமும் அக்கணக்கினுட் சென்று பார்க்கலாம். அச்சாவி இல்லையேல் எந்த நிபுணராலும் வட்டைத் திறக்க முடியாது. அதனால் கணினி நன்றாக இருக்கும் இன்றே அவ்விலக்கங்களை ஒரு காகிதத்தில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். கணக்கின் கடவுச்சொல்லைக் கடைக்காரர் மாத்திரம் அறிந்திருக்கும் நிலை ஒரு வீட்டிலும் இருத்தலாகாது.

இவ்வளவும் பலிக்காவிடினும், அழிப்பது கடைசி வழியே. 'ரீசெட் திஸ் பீ.சி.' என்பதில் கோப்புகளை வைத்துக்கொள்ளும் தெரிவும், எல்லாவற்றையும் நீக்கும் தெரிவும் உண்டு. முன்னையதில் நாம் ஏற்றிய மென்பொருள்கள் போகும். சொந்தக் கோப்புகள் நிற்கும். ஆயினும் அதற்கும் முன்னதாகக் கோப்புகளைப் பிரதி எடுத்துவிடுவதே விவேகம். இறந்ததுபோற் கிடக்கும் கணினியிலிருந்து எப்படிப் பிரதி எடுப்பது என்று கேட்பீர்கள். லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை இன்னொரு கணினியின் உதவியால் ஒரு பென் டிரைவில் அமைத்து, அதிலிருந்து கணினியைத் தொடங்கலாம். வட்டு பூட்டப்படாததாயின், அல்லது சாவி கைவசமிருப்பின், உள்ளிருக்கும் கோப்புகளை வேறொரு பென் டிரைவுக்கு மாற்றிக்கொள்ளலாம். பழுதுபார்ப்பவரிடம் கணினியைக் கொடுக்கும்போது, "முதலில் கோப்புகளை எடுத்துத் தாருங்கள், பிறகே மற்றது" என்று சொல்லத் தயங்கவேண்டாம். அது உங்கள் உரிமை.

வருமுன் காப்பது எங்ஙனம் என்பதையும் சொல்லிவிடுவோம். பெருந்திருத்தத்துக்கு முன்னர் வட்டில் 20 கிகாபைட்டுக்குக் குறையாமல் இடம் காலியாக இருக்கட்டும். பெட்டரி முழுதாக ஏறியிருக்கவேண்டும், மின்னிணைப்பும் பூட்டியிருக்கவேண்டும். நமது மலைகளில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் வேளையில் இடிமழை சர்வசாதாரணம். அம்மாதங்களில் இவ்வேலையைக் காலையிலேயே தொடங்குவது நன்று. காஸல்ரீயிலும் மவுசாக்கலையிலும் நீரைத் தேக்கி, 1950 முதல் லக்ஷபானவில் மின்சாரம் எடுத்து நாட்டுக்கு ஒளியூட்டிவரும் மலைநாடு இது. எனினும் ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தால் நம் லயங்கள் இருளில் மூழ்கிவிடுகின்றன. காலை வேளையும் முற்றாக நம்பத்தக்கதன்று. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிறு முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்சாதனத்தில் மோதியதாகச் சொல்லப்பட்ட நிகழ்வினால் இலங்கை முழுவதும் மின்சாரமின்றி நின்றதை மறந்திருக்கமாட்டீர்கள். ஆகையால் பெட்டரி செத்துப்போன கணினியில் பெருந்திருத்தத்தைத் தொடங்கவே கூடாது. பரீட்சைக்கோ ஒப்படைக்கோ நாள் நெருங்கியிருந்தால், திருத்தங்களைச் சில வாரங்களுக்கு இடைநிறுத்தி வைக்கும் வசதி அமைப்புகளில் உண்டு, அதை உபயோகிக்கவேண்டும். தரவுப் பொதி சொற்பமாயின், இணைப்பை 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்று குறித்துவிட்டால், பெரும்பாலான திருத்தங்கள் கேளாமல் இறங்கமாட்டா.

எல்லாவற்றுக்கும் மேலானது பிரதி. ஒரு பிரதி பென் டிரைவில். இன்னொன்று இணையத்தில், அல்லது வேறொரு வீட்டில். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தில் மண்சரிவுகளால் வீடிழந்த குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். ஒரே கூரையின்கீழ் வைத்த பிரதிகள் எத்தனையாயினும் அவை ஒரு பிரதிக்குச் சமானமே.

முதலிற் சொன்ன தந்தையாரின் கதைக்கு வருவோம். அன்றிரவு பென் டிரைவ் வழியாகக் கணினியைத் தொடங்கினோம். வட்டு பூட்டப்பட்டிருக்கவில்லை. மகளின் ஆய்வு எழுத்து இருந்தது. முதலில் அதைப் பிரதி எடுத்தோம். பின்னர் மீட்பறையினுட் சென்று பெருந்திருத்தத்தை நீக்கினோம். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தின்பின் பழைய இயங்குதளம் எழுந்து நின்றது. தந்தையார் திரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் மெல்ல, "அதுல இன்னொரு கோவை இருக்கும், ஐயா. 'தாத்தா'ன்னு பேரு போட்டிருக்கும். அதையும் எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டார்.

திறந்து பார்த்தோம். அவருடைய தகப்பனாரின் பிறப்புப் பதிவு, தோட்டத்துச் செக்ரோல் துண்டொன்றின் படம், பிரஜாவுரிமைக்கான மனுவின் நகல் ஆகியவற்றை மகள் படமெடுத்து வைத்திருந்தாள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும், அதனை அடுத்து 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டமும் நம் மக்களிடம் கேட்டது காகிதத்தையே. வாழ்ந்தது உண்மை, உழைத்தது உண்மை, ஆனால் அதைக் காட்டக் காகிதம் இல்லாதவர் நாடற்றவராயினர். நாடற்றிருந்தோர் பிரஜைகளாவதற்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்த குடும்பங்கள் உண்டு.

"அப்பா இதையெல்லாம் ஒரு தகரப் பொட்டில வச்சிருந்தாரு. மழை பேஞ்சா முதல்ல அந்தப் பொட்டியத்தான் தூக்குவாரு" என்றார் அவர்.

அக்கோவையையும் பிரதி எடுத்து, இரண்டு பென் டிரைவுகளில் இட்டுக் கொடுத்தோம். ஒன்றை வீட்டில் வைக்குமாறும், மற்றதைக் கொட்டகலையில் இருக்கும் அவர் தங்கையிடம் கொடுத்துவைக்குமாறும் கூறினோம். அவர் ஒன்றைச் சட்டைப் பையிலும் மற்றதை வேட்டி மடிப்பிலும் பத்திரப்படுத்திக்கொண்டு, கணினியை மீண்டும் துவாயிற் சுற்றிக் கடைசி பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.

நேயர்கள் இவ்விதழைப் படித்து முடித்ததும், வீட்டுக் கணினியைத் திறந்து, பிரதி எடுத்த கடைசி நாள் எது என்று பிள்ளைகளை ஒரு முறை கேட்டுப் பார்ப்பார்களாக.